அளக்க வந்த கருவி பாடிய கதை

இலக்கியத் தொடர் ஒன்றில் வானொலி திருத்தும் மேசையைப் பற்றி என்ன பேச்சு என்று நேயர்கள் சிலருக்குத் தோன்றக்கூடும். தோன்றினால் அது நியாயந்தான். ஆயினும் 'கருவி' என்ற சொல்லை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். யாழும் குழலும் நமக்குக் கருவி. தட்டானின் தராசும் கருவி, தச்சனின் மட்டப்பலகையும் கருவி. இசைப்பதற்கும் அளப்பதற்கும் தமிழ் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. இந்த இரண்டு வகைக் கருவிகளுக்கும் நடுவே நின்ற வேலியை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிலர் பிரித்துப் போட்டார்கள். அளப்பதற்கென்றே செய்த மின்கருவியைப் பாட வைத்தார்கள். அவர்களில் சிலரின் பெயர் உலகெங்கும் ஒலித்தது. சிலரின் பெயர் ஐம்பது வருடங்களுக்கு வெளியே வரவேயில்லை. அந்த வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கல்முனைப் பஸாரிலும், சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலும் வானொலிப் பெட்டி திருத்தும் கடைகள் இருந்த காலத்தை நடுத்தர வயது கடந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பின்பலகை கழற்றிய பெட்டிகள் வரிசையாக நிற்கும். ஈயம் உருகும் வாசனை தெருவரைக்கும் வரும். கொஞ்சம் வசதியான கடையென்றால் மேசையில் சிக்னல் ஜெனரேட்டர் என்றொரு பெட்டியும் இருக்கும். வானொலிப் பெட்டியின் உள்ளே, எந்த நிலையத்தைப் பிடித்தாலும் அதை 455 கிலோஹேர்ட்ஸ் என்ற ஓர் இடைநிலை மீடிறனுக்கு மாற்றித்தான் பெருக்குவார்கள். அந்த 455ஐ ஜெனரேட்டர் தானே உண்டாக்கும். அதன் மேல் செவிக்குக் கேட்கத்தக்க ஒரு சுரத்தையும், பெரும்பாலும் 400 ஹேர்ட்ஸ் அளவில், ஏற்றி அனுப்பும். பெட்டி 'கீ' என்று கத்தும். திருத்துபவர் பிளாஸ்டிக் திருகாணிக்கோலை எடுத்து, உள்ளேயிருக்கும் சுருள்களின் கருவை அரைத் திருகு இப்படியும் கால் திருகு அப்படியுமாகத் திருப்புவார். கத்தல் எங்கே உச்சத்துக்கு வருகிறதோ அங்கே நிறுத்துவார். பெட்டி சுருதிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த 'கீ'யில் ஏற்றமில்லை, இறக்கமில்லை, மூச்சு வாங்கலும் இல்லை. அதை யாரும் இசை என்று சொன்னதில்லை. கடைக்கு வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டதே அதிகம்.

பாடசாலையில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு மீடிறன் என்ற சொல் பழக்கமானது. ஒரு செக்கனில் எத்தனை அதிர்வு என்ற கணக்கு அது. ஆய்வுகூடத்தில் சுரமானியின் கம்பியை நீட்டியும் குறுக்கியும், தட்டிய இசைக்கவையோடு ஒத்துப்போகும் நீளத்தைத் தேடி, கம்பியின் மேல் வைத்த கடதாசித் துண்டு துள்ளி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். கம்பியோ, குழலோ, மனிதத் தொண்டையோ எழுப்பும் எந்தச் சுரமும் தனியே வருவதில்லை. அடிப்படைச் சுரத்தின் பின்னால் மேற்றொனிகள் ஒரு கூட்டமாகவே வரும். நாதஸ்வரம் நாதஸ்வரமாகக் கேட்பதும், வயலின் வயலினாகக் கேட்பதும் பெரிதும் அந்தக் கூட்டத்தின் சேர்க்கையினால்தான். சைன் அலை என்பது அந்தக் கூட்டமே இல்லாத ஒற்றைச் சுரம். இயற்கையில் அது அரிது. ஆனால் பொறியியலாளருக்கு அதுதான் தேவை. ஒரு பெருக்கியின் இந்தப் பக்கம் ஒற்றைச் சுரத்தைக் கொடுத்து அந்தப் பக்கம் வேறேதும் சேர்ந்து வருகிறதா என்று பார்த்தால், சேர்ந்து வந்தது பெருக்கியின் குற்றம் என்று பிடித்துவிடலாம். சுத்தமான சுரம் பிறந்தது சங்கீதத்துக்காக அல்ல, குற்றம் கண்டுபிடிப்பதற்காக.

அத்தகைய சுரத்தை மலிவாகச் செய்வது எளிதாக இருக்கவில்லை. அலைவு தன்பாட்டில் பெருகிக்கொண்டே போய்ச் சிதைந்துவிடும், அல்லது தேய்ந்து நின்றுவிடும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவராயிருந்த வில்லியம் ஹியூலெட் என்பவர் இதற்குக் கண்ட வழி அழகானது. சுற்றிலே ஒரு சிறிய மின்குமிழை வைத்தார். அலைவு பெருகினால் குமிழின் இழை சூடாகும், சூடானால் அதன் தடை கூடும், தடை கூடினால் அலைவு அடங்கும். அடங்கினால் இழை ஆறும், மீண்டும் அலைவு எழும். குதிரையின் கடிவாளத்தைக் குதிரையின் வாயிலேயே கொடுத்த மாதிரி! 1939இல் தன் நண்பர் டேவிட் பக்கார்டோடு சேர்ந்து ஒரு மோட்டார்க் கொட்டகையில் நிறுவனம் தொடங்கி, 200ஏ என்ற பெயரில் இந்த ஒஸிலேட்டரை 54 டொலர் 40 சதத்துக்கு விற்றார்கள். அந்தக் காலத்தில் ஏனையோரின் கருவிகள் 200 டொலருக்கும் மேல். முதற் கருவிக்கே 200 என்று இலக்கம் கொடுத்தது, புதிதாகக் கடை திறந்தவர்கள் என்று வாங்குவோர் எண்ணிவிடக்கூடாது என்பதற்காகவாம். வால்ட் டிஸ்னியின் நிறுவனம் 'ஃபன்டேசியா' என்ற படத்தின் ஒலியமைப்பைச் சோதிக்க எட்டுக் கருவிகள் வாங்கியது. சங்கீதப் படம் ஒன்றுக்காக வாங்கியும், அவற்றின் வேலை பாடுவதல்ல, பாட்டுக் கேட்கும் இடத்தைச் சரிபார்ப்பதுதான்.

இங்கே கடலைத் தாண்டிப் போகுமுன், சாய்ந்தமருதுக்கு அடுத்த ஊரான காரைதீவில் கொஞ்சம் நிற்கவேண்டும். 1892இல் அங்கே பிறந்த சுவாமி விபுலானந்தரைத் தமிழறிஞராகவே நாம் நினைவுகொள்கிறோம். அவர் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர் என்பது பேச்சில் அடிபடுவது குறைவு. அவர் மறைந்த வருடமாகிய 1947இல் அரங்கேறிய 'யாழ் நூல்', வழக்கொழிந்த யாழ்களை இலக்கியச் சான்றோடு மீட்டெடுக்க முயன்ற நூல். அதைத் திறந்தால் பக்கம் பக்கமாகக் கணக்கு இருக்கும். சுருதிகளை விகிதங்களாகப் பிரித்து, நரம்பின் நீளத்தையும் அதிர்வையும் கணித்துப் போகிறார். ஷட்ஜம் 240 என்றால் பஞ்சமம் 360, அதாவது இரண்டுக்கு மூன்று. காதுக்கு இனிமையாகப் படுவது எண்ணிலும் ஒழுங்காக நிற்கிறது என்பதே அந்தக் கணக்கின் அடிநாதம். நமது கடலோரத்தில் பிறந்த ஒருவர் இசையை அளந்தார். அவர் நூல் வெளிவந்து ஆறேழு வருடத்துக்குள், ஜேர்மனியில் சிலர் அதே பாதையில் எதிர்ப்புறமாக நடக்கத் தொடங்கினார்கள். அளவை எடுத்து அதை இசையாக்கினார்கள். இரு தரப்பாரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. காலம் ஒன்று, கேள்வி ஒன்று, அவ்வளவே.

ஜேர்மனியின் கொலோன் நகர வானொலி நிலையத்தில் மின்னிசைக்கென ஒரு கலையகம் அமைக்க 1951இல் முடிவாயிற்று. ஹேர்பேர்ட் ஐமேர்ட் என்ற இசையறிஞரும், ராபர்ட் பையரும், வேர்னர் மையர் எப்லர் என்ற ஒலியியல் விஞ்ஞானியும் முன்னின்றார்கள். அங்கே மின்னியல் வாத்தியங்கள் இரண்டும் இருந்தன. ஆனால் 1953இல் அங்கே வேலை தொடங்கிய இளைஞர் கார்ல்ஹைன்ஸ் ஸ்டொக்ஹவுசனுக்கு அவை வேண்டியிருக்கவில்லை. நிலையத்தின் சோதனைப் பகுதியில் இருந்த சைன் அலைக் கருவியே அவருக்கு வேண்டியிருந்தது. காரணம் எளியது. வாத்தியம் என்றால் அதைச் செய்தவர் ஏற்கெனவே ஒரு நாதத்தைத் தீர்மானித்துவிட்டார். சைன் அலையோ வெறும் மணல். எந்தச் சுரத்தையும் ஒற்றைச் சுரங்களின் கூட்டாகப் பிரிக்கலாம் என்பது கணித உண்மை. அப்படியாயின் ஒற்றைச் சுரங்களைக் கூட்டி இதுவரை உலகில் இல்லாத நாதத்தைக் கட்டவும் முடியவேண்டுமே!

கருவியிலோ ஒரு நேரத்தில் ஒரு சுரந்தான் வரும். ஒன்றைப் பதிந்து, அதன் மேல் இன்னொன்றைப் பதிந்து, ஒலிநாடாவைச் சென்ரிமீற்றர்க் கணக்கில் அளந்து பிளேட்டால் வெட்டி ஒட்டவேண்டும். நிமிடக்கணக்கான இசைக்கு மாதக்கணக்கான வேலை. 1954இல் அவர் முடித்த இரண்டாவது ஆய்வுக்கு 81 மீடிறன்கள். 100 ஹேர்ட்ஸில் தொடங்கி, ஒவ்வொரு படியும் ஐந்தின் 25ஆவது மூலத்தால் பெருகிப் போகும். நமது அரைச் சுரத்தைவிடச் சற்றே அகலமான படி அது. இரண்டுக்கு ஒன்று என்ற ஸ்தாயி உறவே அந்த ஏணியில் எங்கும் சரியாக வந்து விழாது. வேண்டுமென்றே அப்படிச் செய்தார். விபுலானந்தர் கண்ட இனிய விகிதங்களின் வாசலை அடைத்துவிட்டு உள்ளே என்ன கேட்கிறது என்று பார்த்த மாதிரி. எனது அபிப்பிராயத்தைக் கேட்டால், அந்த ஆய்வை நான் மதிக்கிறேன், மீண்டும் கேட்க ஆசைப்படுவதில்லை. கணக்குக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்கக் கேட்பதுபோல் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குப் பின் ஒரு சிறுவனின் குரலை அதே மின்சுரங்களோடு கலந்து அவர் செய்த படைப்பு வேறு கதை. குரல் வந்ததும் மணலுக்கு ஈரம் பிடித்துவிடுகிறது.

இந்த வரலாற்றில் என் மனதுக்கு நெருங்கியது லண்டன் பகுதிதான். போர்க்காலங்களில் நமது ஊர்களில் தமிழோசை கேட்காத வீடு குறைவு. அதே பி.பி.சி.யின் ஒலிக் கலையகங்களில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இளம்பெண்ணாக வேலைக்குச் சேர்ந்தவர் டஃப்னி ஓரம். ஒலிபரப்பு முடிந்து எல்லோரும் வீடு போனபின், பல அறைகளிலிருந்து ஒலிப்பதிவுக் கருவிகளை ஓரிடத்துக்கு உருட்டிக் கொண்டுவந்து, சோதனை ஒஸிலேட்டரோடு இணைத்து இரவெல்லாம் வேலைசெய்வார். விடியுமுன் ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்குத் திரும்பிப் போயிருக்கும். 1957இல் ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்கு, ஒரு சைன் ஒஸிலேட்டரும் ஒலிப்பதிவுக் கருவியும் தானே அமைத்த வடிகட்டிகளும் கொண்டு முழு இசையையும் ஆக்கிக் கொடுத்தார். அடுத்த வருடம் ஏப்ரலில் பி.பி.சி. ரேடியோஃபொனிக் பட்டறை என்ற பெயரில் ஒரு பிரிவு தொடங்கியது. தொடங்க வைத்தவர்களில் முதன்மையானவர் இவர். ஒரு வருடம் நிறையுமுன்னே விலகிப்போனவரும் இவரே. நாடகங்களுக்குச் சத்தம் செய்து கொடுக்கும் இடமாகவே நிறுவனம் அதைப் பார்த்தது, அவரோ அதை இசைக் கலையகமாகக் கனவு கண்டார்.

பட்டறையின் தளவாடங்களில் பெரும்பகுதி வேறு பிரிவுகள் கழித்துவிட்டவை. அங்கேயிருந்த வோபுலேட்டர் என்ற கருவியின் பெயரே சிரிப்பை வரவழைக்கும். சுரத்தை ஓரிடத்தில் நிற்கவிடாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும் சோதனைக் கருவி அது. அலைவுகாட்டியின் திரையில் பெட்டியின் குணங்குறைகளைப் படமாகப் பார்ப்பதற்குப் பயன்படும். செவிக்கு அது ஊளை. சற்றே நிதானமாக ஆட்டினால் கமகம்.

1962இல் இப்பட்டறைக்கு வந்தவர் டெலியா டார்பிஷயர். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். படிப்பு முடிந்து வேலை தேடியபோது ஒலிப்பதிவு நிறுவனம் ஒன்று, பெண்களைப் பதிவறையில் சேர்ப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டது. அவர் 1937இல் பிறந்த ஊர் கொவென்ற்றி. 1940இல் ஜேர்மன் விமானங்கள் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கிய ஊர். விமானத் தாக்குதல் எச்சரிக்கைக்கும், ஆபத்து நீங்கியது என்பதற்கும் ஊதிய சைரன்கள்தாம் தன் காதை இந்தவகை ஒலிகளுக்குத் திறந்துவிட்டன என்று பின்னாளில் அவர் சொன்னார். நமது பிரதேசத்து மக்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. பயத்தில் கேட்ட ஒலி மனதில் எங்கே போய்த் தங்குகிறது, பிறகு என்னவாகி வெளியே வருகிறது என்பது அவரவர் அறிந்தது.

1963இல் 'டொக்டர் ஹூ' என்ற தொலைக்காட்சித் தொடருக்கு முகப்பிசை தேவைப்பட்டது. ரொன் கிரேய்னர் என்ற இசையமைப்பாளர் ஒரே ஒரு தாளில் மெட்டை எழுதிக் கொடுத்தார். காற்று மேகம், நீர்க்குமிழி என்ற தோரணையில் சில குறிப்புகள் இருந்தன, வாத்தியம் எதுவும் குறிக்கப்படவில்லை. டார்பிஷயர் தன் உதவியாளர் டிக் மில்ஸோடு உட்கார்ந்தார். அடிநாதத்துக்கு மீட்டிய ஒற்றைத் தந்தி ஒன்றைப் பதிந்து, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வேண்டிய சுரங்களை எடுத்தார். மெட்டுக்குச் சோதனை ஒஸிலேட்டர்கள். காற்றின் சீறலுக்கு, வானொலி நிலையங்களின் நடுவே கேட்குமே அந்த இரைச்சலை வடிகட்டிகளுக்குள் விட்டார். ஒவ்வொரு சுரமும் ஒரு நாடாத் துண்டு. துண்டுகளை ஒட்டி ஒட்டி நீளமான நாடாக்கள். பல தடங்களை ஒன்றாகப் பதியும் கருவி அங்கு இல்லாததால், நாடாக்களைத் தனித்தனிக் கருவிகளில் ஏற்றி ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கலந்தார்கள். எங்கோ ஒரு சுரம் பிசகினால் எல்லா நாடாவையும் தரையில் விரித்து எந்த ஒட்டில் பிழை என்று தேடவேண்டும். நவம்பர் 23ஆம் திகதி அது ஒலிபரப்பாயிற்று. அதற்கு முந்திய நாள்தான் அமெரிக்காவில் ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார்.

கிரேய்னர் கேட்டுவிட்டு, இதை நானா எழுதினேன் என்று வியந்தாராம். உரிமைத் தொகையில் பாதியை அவருக்குக் கொடுக்கவேண்டும் என்றும் முயன்றார். நிறுவனத்தின் ஒழுங்குவிதி இடம்கொடுக்கவில்லை. பட்டறை ஊழியர்கள் மாதச் சம்பளக்காரர்கள், பெயர் போடுவதானால் பட்டறையின் பெயரைப் போடலாம், ஆளின் பெயர் கூடாது என்பது விதி. மெட்டைத் தாளில் எழுதினால் இசையமைப்பாளர், ஒவ்வொரு சுரத்தையும் கையால் பிறப்பித்தால் ஊழியர்! அவருடைய பெயர் அந்தத் தொடரின் திரையில் முதன்முதலாக வந்தது 2013இல், ஐம்பதாவது ஆண்டுச் சிறப்பு நிகழ்ச்சியில். அவர் காலமானது 2001இல்.

அவருடைய இன்னொரு வேலையையும் சொல்லவேண்டும். 1967இல் சஹாராப் பாலைவனத்தின் துவாரெக் மக்களைப் பற்றிய விவரணப் படத்துக்கு இசை கேட்டார்கள். நீலத் துணியால் முகம் மூடி ஒட்டகங்களோடு பயணம் செய்யும் முஸ்லிம் நாடோடிகள் அவர்கள். கலையகத்தில் பச்சை நிறத் தகர விளக்குமூடி ஒன்று தொங்கியது. அதைத் தட்டி, அந்த நாதத்தைப் பதிந்து, தட்டிய கணத்தின் 'டங்' ஓசையை வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சிய ரீங்காரத்தில் எந்தெந்த மீடிறன்கள் இருக்கின்றன என்று பகுத்தெடுத்தார். பிறகு பன்னிரண்டு ஒஸிலேட்டர்களை அந்த மீடிறன்களில் வைத்து ரீங்காரத்தை மறுபடி கட்டினார். கானல் நீரில் ஒட்டகங்கள் அசைவது காதுக்குத் தெரிகிறது. கொலோனில் கணிதம் கணிதமாகவே நின்றது என்று சொன்னேன். இங்கே அதே கணிதம் கண்ணுக்கு மறைந்து, மணல்வெளி மட்டும் நிற்கிறது.

ஏனைய இடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். மிலான் நகர வானொலியில் 1955இல் ஒன்பது ஒஸிலேட்டர்களோடு ஒரு கலையகம் திறந்தார்கள், தோக்கியோவிலும் அதே வருடம். சான் பிரான்சிஸ்கோவில் 1965இல் போலின் ஒலிவேரோஸ் என்ற பெண்மணி செய்ததில் மாத்திரம் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு ஹியூலெட் பக்கார்ட் ஒஸிலேட்டர்கள், இரண்டு ஒலிப்பதிவுக் கருவிகள், ஒரு கிராமபோன் தட்டு, சில பெருக்கிகள், இவைதாம் அவருடைய முழுப் பக்கவாத்தியம். ஒஸிலேட்டர்களைச் செவிக்கு எட்டாத உயரத்தில் வைப்பார். கேட்காத இரண்டு சுரங்கள் மோதும்போது அவற்றின் வித்தியாசமாகிய மூன்றாவது சுரம் கேட்கும். இது நமக்குப் புதிதல்ல. முன்னே சொன்ன 455 பிறப்பதும் இப்படித்தான். நிலையத்தின் அலையும் பெட்டியின் உள்ளே பிறக்கும் அலையும் மோதி, வித்தியாசம் 455 ஆக வெளிவருகிறது. ஒவ்வொரு வானொலிப் பெட்டியும் இதைத்தான் செய்துகொண்டிருந்தது. அவர் அதைச் செவிக்கு இறக்கிக் கொடுத்தார்.

1964இல் ரொபர்ட் மோக்கும், ஏறத்தாழ அதே காலத்தில் டொன் புக்லாவும் செய்த மொடியூலர் சின்தசைசர்கள், இந்தச் சோதனை மேசையையே ஒரு சட்டத்துக்குள் அடுக்கிய வடிவம் என்று சொன்னால் தவறில்லை. ஒஸிலேட்டர் ஓர் அலகு, வடிகட்டி ஓர் அலகு, பெருக்கி ஓர் அலகு. எதை எதோடு இணைப்பது என்பதை வயர் தீர்மானிக்கும். பெரிய மாற்றம் ஒன்றுதான். சோதனைக் கருவியில் குமிழைக் கை திருப்பவேண்டும். இங்கே மின்னழுத்தம் திருப்புகிறது. ஓர் அலகு இன்னோர் அலகை ஆட்டிவைக்கலாம். வோபுலேட்டர் அதற்கு முன்னரே அதைத்தான் செய்துகொண்டிருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அத்தகைய மோக் ஒன்று 1969இல் இந்தியாவுக்கு, அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்து அமைத்துக் கொடுத்தவர் டேவிட் டியூடர். இதற்குப் பின்னணியில் இருந்தவர் கீதா சாராபாய். 1946இல் நியூயோர்க்கில் ஜோன் கேஜுக்கு இந்திய இசையைக் கற்றுக்கொடுத்து, பதிலுக்கு அவரிடம் மேலைநாட்டு இசை கற்றவர். ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. ஷர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் அந்தக் கலையகத்தில் வேலைசெய்தார்கள். சில வருடங்களில் அது ஓய்ந்துபோனது. நாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்திலேயே கிடந்தன. லண்டனைச் சேர்ந்த போல் பர்கஸ் என்ற கலைஞர் அவற்றைத் தேடி எடுத்து, 2023இல் இசைத்தொகுப்பாக வெளிவரச் செய்தார். அந்த அரைநூற்றாண்டில் எழுதப்பட்ட மின்னிசை வரலாறுகளில் இந்தியாவுக்கு ஒரு பந்தி கிடைப்பதே பெரிய காரியமாக இருந்தது.

இவ்வளவு தூரம் கேட்டபின், 'இது எல்லாம் இசையா?' என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. கர்நாடக இசை ரசிகரான நண்பருக்கு நான் காட்டுவது மேடையிலுள்ள சுருதிப்பெட்டியை. பெங்களூரில் புல்லாங்குழல் வித்துவானும் பொறியியலாளருமான ஜி. ராஜ் நாராயண் 1979இல் மின்னியல் தம்புராவை உருவாக்கினார். பாடகர் கண்மூடி ஷட்ஜத்தில் ஒன்றி நிற்கும்போது, ஆதாரமாக அவருக்குப் பின்னால் பாடிக்கொண்டிருப்பது ஒஸிலேட்டர்தான். அதற்கு எதிராக வழக்குத் தொடுத்தவர் எவரையும் காணோம்! நமது ஊர்ப் பெரியவர்களில் சிலருக்கு வாத்தியம் என்றாலே முகம் சுருங்கும், றபானுக்கு மட்டும் விலக்கு உண்டு. பக்கீர்பாவாக்கள் றபானைத் தணலில் காட்டித் தோலை இறுக்கி, விரலால் சுண்டிப் பார்த்து, போதும் என்று எடுப்பார்களே, அப்போது அவர்கள் செய்வது அளத்தலா, இசைத்தலா? சுண்டிப் பார்த்த அந்த ஒலி எந்தக் கணக்கில் சேரும்?

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறது என்ற செய்தியும் இங்கே பொருந்தும். 1848இல் அங்கு வந்து இரவில் படகில் போய்க் கேட்ட எமர்சன் ரெனன்ட், ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் நாதத்துக்கு அதை ஒப்பிட்டு எழுதினார். விபுலானந்தர் அதை நீரரமகளிர் பாடுவதாகக் கண்டார். மேற்றொனிக் கூட்டம் குறைந்த, ஏறக்குறைய ஒற்றைச் சுரமான ஒலி என்று அந்த வருணனையிலிருந்து ஊகிக்கலாம். துடுப்பை நீரில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்ட மீனவர் எவரும் அதை இரைச்சல் என்று சொல்லவில்லை. திருத்தும் கடையில் கேட்டால் இரைச்சல், நிலவில் கேட்டால் பாட்டு என்றால், வித்தியாசம் ஒலியில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை இன்னொன்றாக்கும் வேலை நமது வானொலிக்கும் அந்நியமானதல்ல. 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி தொடங்கியபோது, எட்வர்ட் ஹார்ப்பரும் தந்தித் திணைக்களப் பொறியியலாளர்களும் ஒலிபரப்பியைச் செய்தது, பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவியின் பாகங்களைக் கொண்டுதான். இன்றைக்குப் பெர்லினில் ஹைன்பாக் என்ற பெயரில் இயங்கும் இசையமைப்பாளர், ஆய்வுகூடங்கள் கழித்துவிட்ட சோதனைக் கருவிகளைக் கோபுரமாக அடுக்கி இசைத்து, 2020இல் ஒரு தொகுப்பு வெளியிட்டிருக்கிறார். குப்பைமேட்டின் குலதெய்வங்கள் என்று சொல்லத்தக்க பெயரை அதற்கு வைத்தார்.

டெலியா டார்பிஷயர் இறந்தபின் அவருடைய வீட்டுப் பரணில் காலை உணவுப் பெட்டிகளுக்குள் 267 ஒலிநாடாக்கள் இருந்தன. மான்செஸ்டர் பல்கலைக்கழகம் அவற்றைப் பாதுகாக்கிறது. பல நாடாக்களில் என்ன இருக்கிறது என்பதை வெளியே எழுதியிருக்கவில்லை, ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் அறியவேண்டியிருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் நமது கடலோர வீடுகளோடு போன பொருள்களில் நாடாக்களும் உண்டு. தப்பிய கடைகளில் பல இப்போது கைபேசி திருத்துகின்றன. சிக்னல் ஜெனரேட்டர் இரும்பு விலைக்குப் போகிறது.

எங்கேனும் ஒரு மூலையில் ஒன்று மிஞ்சியிருந்தால், வைத்திருப்பவருக்கு இரண்டு வார்த்தை. வால்வுக் கருவியாயின் மின்சாரத்தை நிறுத்தியபின்னும் உள்ளேயிருக்கும் கொள்ளளவிகளில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும், ஆகவே மூடியைத் திறக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். செவிப்புலச் சுரம் வெளிவரும் முனையைப் பெருக்கியோடு இணைக்கும்போது நடுவே ஒரு கொள்ளளவி இருக்கட்டும். ஒலியை மிகக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள். குமிழை மெதுவாகத் திருப்பி, பிடித்த இடத்தில் நிறுத்திப் பதிந்துகொள்ளுங்கள். பதிந்ததன் மேலே யார் பதிந்தது, எந்த ஊரில், எந்தத் திகதியில் என்று எழுதிவையுங்கள்.